குழந்தைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு: வருமான வரம்பை எடுக்கச் சொல்லிக் கேட்போமா?

நொய்யல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் இப்போதைய ஒப்பந்தம் 2022 ஜனவரி 11-இல் தொடங்கியது. ஐந்து வருட ஒப்பந்தம், 2027 ஜனவரியில் முடியும். அடுத்த டெண்டருக்கு நிபந்தனைகள் எழுதும்போதுதான் யார் உள்ளே, யார் வெளியே என்பது முடிவாகும். கையெழுத்தான பிறகு கத்திப் பயனில்லை. என் கோரிக்கை ஒன்றே ஒன்று: 18 வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்கும் வருமானச் சான்று கேட்கக் கூடாது.

புதிதாகப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் இன்றைய பெயரில் புதிய திட்டம் வந்தது. 2018-இல் ஒன்றிய அரசின் பிரதமர் ஜன் ஆரோக்கியத் திட்டத்தோடு (ஆயுஷ்மான் பாரத்) சேர்ந்தது. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. காது கேட்க வைக்கும் காக்ளியர் கருவி, எலும்பு மஜ்ஜை மாற்று, கல்லீரல் மாற்று போன்ற பெரிய செலவுகளுக்குத் தனி நிதி இருக்கிறது. ஆட்சிகள் மாறியும் திட்டம் நிற்காமல் வளர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டுக்காரனாக எனக்கு அதில் பெருமைதான்.

ஆனால் வரம்பைப் பாருங்கள். முதலில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் என்றிருந்தது, இப்போது 1,20,000. குடும்பம் மொத்தத்துக்கும் சேர்த்து மாதம் 10,000. நான் இருப்பது திருப்பூர். இங்கே பனியன் கம்பெனியில் புருஷன் ஓவர்லாக் தையல், பெண்டாட்டி துணி செக்கிங் என்று இரண்டு பேர் வேலைக்குப் போனால் எந்தக் குடும்பமும் இந்தக் கோட்டைத் தாண்டிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதே கதைதான். பீஸ் ரேட், சனிக்கிழமை சம்பளம். ஆர்டர் இருக்கிற மாதம் இருவருக்கும் சேர்த்து 25,000 வரும், இல்லாத மாதம் அதில் பாதி. ஜாப் ஒர்க் யூனிட் என்பதால் இ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லை. மூன்று வயது மகளுக்கு இதயத்தில் ஓட்டை. விஏஓ ஆபீசில் வருமானம் கேட்டபோது அந்தத் தகப்பன் உள்ளதை உள்ளபடி சொன்னார். படிவம் அங்கேயே நின்றுபோனது. பக்கத்து வீட்டுக்காரர் மாதம் 9,000 என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்.

2024 அக்டோபரில் 70 வயது நிறைந்த எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், ஆயுஷ்மான் பாரத்தில் 5 லட்சம் என்று ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வயதை வைத்தே உரிமை தரலாம் என்று அரசே ஒப்புக்கொண்டாகிவிட்டது. நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் யார், எந்த ஊர், என்ன சம்பளம் என்று யாரும் கேட்பதில்லை. அடிபட்டவரிடம் கேட்காததைப் பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டையோடு வந்த குழந்தையிடம் ஏன் கேட்கிறோம்?

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். மறுப்பவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.

மேலூர்க்காரன்

மறுக்கிறேன் நொய்யல். உங்கள் அக்கறையை இல்லை, வழியை.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைக்குள் போனால் எந்தக் குழந்தைக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் யாரும் வாசலில் நின்று சம்பளம் கேட்கவில்லை. ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் மருந்து, பரிசோதனை, ரத்தம், வண்டி எல்லாம் இலவசம் என்று 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டமே சொல்கிறது. மருந்து வாங்க 1994-இல் ஏற்படுத்திய மருத்துவப் பணிகள் கழகத்தைப் பார்த்து மற்ற மாநிலங்கள் காப்பியடித்தன. 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கில் நாடு முழுக்க ஆயிரம் குழந்தைக்கு 28 சிசு மரணம், தமிழ்நாட்டில் 13. இதைச் சாதித்தது காப்பீட்டு அட்டை இல்லை. கிராம செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம், பச்சிளம் குழந்தைப் பிரிவு, 108 வண்டி.

காப்பீட்டை எல்லோருக்கும் திறந்தால் என்ன நடக்கும்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராகத் தனியார் மருத்துவமனைக்குப் போவார்கள். அரசுப் பணம் அங்கே போகும். அரசு மருத்துவமனையில் குழந்தை இதய அறுவை சிகிச்சை நிபுணர் இடம் காலியாகவே கிடக்கும். அந்தப் பணத்தில் மண்டலத்துக்கு ஒரு குழந்தை இதய சிகிச்சைப் பிரிவு கட்டுங்கள். மதுரையிலும் கோயம்புத்தூரிலும் திருநெல்வேலியிலும் இருக்கட்டும். வருமானச் சான்றே தேவைப்படாது.

வார்டு_அக்கா

இரண்டு பேருக்கும் பதில் சொல்கிறேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் காப்பீட்டு கவுன்ட்டரில் வேலை பார்க்கிறேன். ஊர் வேண்டாம்.

மேலூர் தம்பி, அரசு மருத்துவமனையில் இலவசம் என்பது சரி. ஆனால் காப்பீடு தனியாருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். நாங்களும் அதே திட்டத்தில் கிளெய்ம் போடுகிறோம். அந்தப் பணம் மருத்துவமனைக்கு வருகிறது. அதில்தான் உபகரணம் பழுது பார்ப்பது, அவசரத்துக்கு வெளியே மருந்து வாங்குவது எல்லாம் ஓடுகிறது. கட்டில், டாக்டர், மயக்க மருந்து இலவசம். உடம்புக்குள் வைக்கிற சாமான் வேறு கணக்கு. குழந்தையின் இதய ஓட்டையை நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக் குழாய் வழியாகச் சின்னக் குடை மாதிரி ஒரு கருவியைக் கொண்டுபோய் அடைப்பார்கள். அதைப் பெரும்பாலும் காப்பீட்டு அப்ரூவல் வந்தபிறகுதான் வாங்குகிறோம். அட்டை இல்லாத குழந்தைக்கு வேறு நிதி தேட வேண்டும். கிடைக்கும், ஆனால் நாளாகும். அந்தத் தாயிடம் “கொஞ்சம் பொறுங்கம்மா” என்று சொல்கிற ஆள் நான்தான்.

என் மேஜையில் தினமும் நடக்கிறதைச் சொல்கிறேன். ரேஷன் கார்டு, ஆதார், டாக்டர் எழுதிய சீட்டு, எக்கோ ரிப்போர்ட், குழந்தையின் போட்டோ. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றினால் காப்பீட்டு நிறுவனத்தின் பக்கம் ஒருவர் பார்த்து அனுமதி தருவார், அல்லது கேள்வி கேட்பார். கேள்விகளில் பெரும்பாலானவை நோயைப் பற்றியவை இல்லை. பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கும். கார்டில் ‘கவின்’, ஆதாரில் ‘கவின் குமார்’. தாத்தா பெயரில் கார்டு, மகன் குடும்பம் தனியாகப் பிரிந்து கார்டு வாங்கவில்லை. வாடகைக்குக் குடிவந்த பெண், கார்டு இன்னும் பிறந்த வீட்டில். இதற்கெல்லாம் நடுவில் ஆக்சிஜன் குழாயோடு ஒரு குழந்தை மாடியில் படுத்திருக்கும்.

பச்சைக் குழந்தைகள் விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தையின் பெயர் கார்டில் ஏறும்வரை காத்திருக்க வேண்டாம். தாயின் பெயர் இருக்கிற கார்டும் பிறப்புச் சான்றும் கொண்டு வந்தால் எங்கள் கவுன்ட்டரில் பதிந்துகொள்கிறோம். குழந்தை பெயர் இல்லையென்று எங்காவது திருப்பி அனுப்பினால் 104-க்கு அடியுங்கள், மாவட்டத் திட்ட அலுவலரைக் கேளுங்கள். தனியார் மருத்துவமனை திட்டத்தில் அனுமதி வாங்கிவிட்டு மேற்கொண்டு கையில் பணம் கேட்டாலும் இதேதான். கேட்கக் கூடாது என்பது விதி.

நொய்யல் தம்பி சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். வரம்பை எடுத்தால் என் மேஜையில் பாதி வேலை குறையும். பிறப்புச் சான்று ஒன்றே போதும் என்று ஆகிவிடும். வயது தெரிந்தால் முடிந்தது.

கணக்கு_வாத்தியார்

யார் கொடுப்பது என்று யாரும் பேசவில்லையே.

2012-இல் அரசு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 497 ரூபாய் பிரீமியம் கட்டியது. 2022 ஒப்பந்தத்தில் அது 849. இதில் முதல் 1 லட்சம் வரை காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு, அதற்கு மேல் 5 லட்சம் வரை அரசே நேரடியாகத் தருகிறது. ஆக பிரீமியத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் தப்பாகப் போகும். பெரிய நோய்களின் பெரிய பில் அரசின் தலையில்தான் விழுகிறது.

இருந்தாலும் நொய்யல் கேட்பது நடக்கக்கூடியதே என்பது என் எண்ணம். படுக்கையில் சேர்க்கும் அளவு நோய் வருவது குழந்தைகளில் இரண்டு பருவத்தில்தான் அதிகம்: பிறந்த முதல் மாதம், அப்புறம் முதல் ஐந்து வருடம். அதைத் தாண்டினால் பெரும்பாலான பிள்ளைகள் பத்தாம் வகுப்பு வரை மருத்துவமனையில் ஒரு இரவுகூடத் தங்குவதில்லை. மூட்டு மாற்று, ஆஞ்சியோ, டயாலிசிஸ், கண்புரை என்று வரிசையாகச் செலவு வருவது பெரியவர்களுக்கு. 70 வயதுக்காரர்களை முழுதாகச் சேர்ப்பதோடு ஒப்பிட்டால் குழந்தைகளைச் சேர்ப்பது மலிவு.

பணக்காரர்களும் வந்துவிடுவார்களே என்பார்கள். வரட்டுமே. வசதியுள்ளவர் பெரும்பாலும் திட்டம் நிர்ணயித்த பேக்கேஜ் விலைக்கு வைத்தியம் செய்யும் மருத்துவமனையைத் தேடிப் போவதில்லை. அவருக்குத் தனியறை வேண்டும். இன்னொன்று, ஆந்திராவில் ஆரோக்கியஸ்ரீ என்ற அவர்களுடைய காப்பீட்டுத் திட்டத்துக்கான வருமான வரம்பை ஆண்டுக்கு 5 லட்சமாக உயர்த்தினார்கள். பக்கத்து மாநிலம் அவ்வளவு தூரம் போயிருக்கும்போது நாம் 1,20,000-இல் நிற்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியது அரசுதான்.

எனக்குள்ள பயம் வேறு. இன்று பக்கத்து வீட்டுக்காரர் 9,000 என்று எழுதிக் கொடுத்து உள்ளே வந்திருக்கிறார், உண்மை சொன்னவர் வெளியே நிற்கிறார். நான் முப்பது வருடம் பள்ளியில் உதவித்தொகைப் படிவம் நிரப்பியவன். பொய் சொன்னால் கிடைக்கும் என்று ஆகிவிட்ட சலுகை எதுவும் தேவையானவரிடம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து நான் பார்த்ததில்லை.

டெக்சஸ்_தமிழ்

நான் அமெரிக்காவில் ஒரு குழந்தைகள் நல மருத்துவமனையின் சமூக சேவைப் பிரிவில் இருக்கிறேன். இங்கே நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் விவாதிப்பது அப்படியே இங்கே நடந்த சண்டை.

இங்கே பரம ஏழைக்கு மெடிக்கெய்ட் என்ற அரசுக் காப்பீடு உண்டு. கம்பெனி வேலைக்காரருக்குக் கம்பெனி காப்பீடு. நடுவில் மாட்டிக்கொண்டவர், அதாவது மெடிக்கெய்டுக்குக் கொஞ்சம் அதிகமாகச் சம்பாதித்தும் சொந்தமாகக் காப்பீடு வாங்க முடியாதவர், அவருடைய பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. திருப்பூர் ஓவர்லாக் குடும்பம்தான். அவர்களுக்காக 1997-இல் ‘சிப்’ என்ற குழந்தைகள் காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஜனநாயகக் கட்சியின் எட்வர்ட் கென்னடியும் குடியரசுக் கட்சியின் ஆரின் ஹேட்சும் சேர்ந்து செனட்டில் அதற்கு முன்னின்றார்கள். அப்போது நூற்றுக்கு ஏறக்குறைய 14 குழந்தைகளுக்குக் காப்பீடு இல்லை. 2016 வாக்கில் அது 5-க்கும் கீழே வந்தது.

ஆனால் இரண்டு இடத்தில் அடி வாங்கினோம், அதை நீங்கள் வாங்க வேண்டாம்.

ஒன்று, பணத்துக்குக் காலக்கெடு. இந்தத் திட்டத்துக்கு நாடாளுமன்றம் சில வருடத்துக்கு ஒருமுறை நிதியைப் புதுப்பிக்க வேண்டும். 2007-இல் விரிவாக்க மசோதாவை அதிபர் புஷ் இரண்டு முறை வீட்டோ செய்து தடுத்தார். 2017 செப்டம்பர் 30-இல் நிதி காலாவதியாகி அடுத்த ஜனவரி வரை இழுத்தது. சுமார் 90 லட்சம் பிள்ளைகள் அந்தத் திட்டத்தில் இருந்தார்கள். கொலராடோ மாநிலம் பெற்றோர்களுக்கு “திட்டம் நிற்கலாம், வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள்” என்று கடிதமே அனுப்பியது. இப்போதைய நிதி 2029 செப்டம்பர் வரை. அதற்குள் மறுபடி அதே போராட்டம்.

இரண்டு, புதுப்பிப்புத் தாள். கொரோனா காலத்தில் யாரையும் மெடிக்கெய்டிலிருந்து நீக்கக் கூடாது என்று விதி இருந்தது. 2023 மார்ச்சோடு அதை எடுத்ததும் மாநிலங்கள் எல்லோரையும் மறுபடி சரிபார்க்கத் தொடங்கின. டெக்சஸில் மட்டும் 10 லட்சத்துக்கும் மேல் பிள்ளைகள் பட்டியலிலிருந்து விழுந்தார்கள். தகுதி போனவர்கள் அதில் கொஞ்சம்தான். கடிதம் பழைய வீட்டுக்குப் போயிருக்கும், படிவத்தில் ஒரு தாள் விட்டுப்போயிருக்கும். ஆஸ்துமா பையனுக்கு இன்ஹேலர் வாங்கப் போன தாய்க்கு மருந்துக்கடை கவுன்ட்டரில்தான் காப்பீடு போனதே தெரியும். அதனால்தான் ஒரு குழந்தையைச் சேர்த்தால் 12 மாதம் நீக்கக் கூடாது என்று 2024 ஜனவரியிலிருந்து எல்லா மாநிலத்துக்கும் கட்டாயமாக்கினார்கள். ஓரிகன் மாநிலம் ஆறு வயது வரை தொடர்ச்சியாகக் கொடுத்தது. அப்படிப்பட்ட பல வருட அனுமதிகளை இனிப் புதுப்பிப்பதில்லை என்று 2025-இல் ஒன்றிய நிர்வாகம் சொல்லிவிட்டது.

வார்டு அக்கா சொன்ன ‘பிறப்புச் சான்று போதும்’ என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சேர்த்தால் 18 வயது வரை யாரும் மறுபடி தாள் கேட்கக் கூடாது.

தேன்மொழி

எல்லோரும் ஆபரேஷனைப் பற்றியே பேசுகிறீர்கள். என் பையனுக்கு ஆபரேஷன் எதுவும் இல்லை. அவனுக்குச் சர்க்கரை, டைப் 1. ஏழு வயதில் வந்தது, இப்போது பதினொன்று.

ஒரே ஒருமுறை மயங்கிப்போய் ஐசியூவில் இருந்தான். அதற்குக் காப்பீடு வந்தது, நன்றி சொல்லிக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நாங்கள் மருத்துவமனையில் படுக்கவில்லை. படுக்கக் கூடாது என்பதற்காகத்தான் தினமும் பாடுபடுகிறோம். இன்சுலின் அரசு மருத்துவமனையில் தருகிறார்கள். காலை எழுந்ததும், பள்ளிக்குப் போகும் முன், மதியம், விளையாடி வந்ததும், படுக்கும் முன் என்று விரலில் குத்திப் பார்க்க வேண்டும். ஒரு ஸ்ட்ரிப் ஏறக்குறைய இருபது ரூபாய். மாதக் கடைசியில் ஸ்ட்ரிப் டப்பாவைக் குலுக்கிப் பார்ப்பேன். குறைவாக இருந்தால் மதியக் குத்தலை விட்டுவிடுவோம். அப்படி விட்ட நாளில்தான் வகுப்பில் வியர்த்து விழுந்தான். டீச்சர் கையில் சர்க்கரை வைத்திருந்ததால் பிழைத்தான்.

தனியார் காப்பீடு கேட்டுப் பார்த்தோம். ஒரு நிறுவனம் நோயின் பெயரைக் கேட்டதுமே முடியாது என்றது. 2025 செப்டம்பரிலிருந்து தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை என்று சந்தோஷப்படுகிறார்கள். விற்கவே மாட்டேன் என்பவரிடம் வரி இல்லாமல் போனால் எனக்கென்ன?

ஆகவே என் வேண்டுகோள்: குழந்தைகளுக்குப் படுக்கையில் சேர்த்தால்தான் பணம் என்பதை மாற்றுங்கள். ஸ்ட்ரிப், வலிப்பு மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், பேச்சுப் பயிற்சி, பிசியோ. பிள்ளைகளுக்குத் தேவைப்படுவதில் பாதி வெளிநோயாளிச் செலவுதான். பன்னிரண்டு மாத ஸ்ட்ரிப் செலவைவிட ஐசியூவில் நாலு நாள் செலவு அதிகம். எனக்குக் கணக்குத் தெரியாது, ஆனால் இந்தக் கணக்குத் தெரியும்.

நொய்யல்

தேன்மொழி அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு கோரிக்கையில் இதையும் சேர்க்காமல் இருக்க முடியாது. காது கேளாத பிள்ளைகளுக்காக நான் வேலை செய்யும் பெற்றோர் குழுவிலும் இதே நிலைமைதான். ஆறு வயதுக்குள் காக்ளியர் கருவி பொருத்த லட்சக்கணக்கில் திட்டம் தருகிறது. காதுக்கு வெளியே மாட்டும் பிராசஸருக்கு கேபிள் அறுந்தால், ‘காயில்’ என்ற கம்பிச்சுருள் போனால், பெற்றோர்தான் வாங்க வேண்டியிருக்கிறது. பேட்டரிக்குக் காசில்லாமல் ஞாயிற்றுக்கிழமை கருவியைக் கழற்றி வைக்கும் வீடுகள் இருக்கின்றன. அன்று முழுக்க அந்தக் குழந்தைக்கு ஒரு சத்தமும் கேட்காது.

யாழ்வாணி

நான் யாழ்ப்பாணம். எங்களுக்கு வைத்தியசாலை எல்லாருக்கும் இலவசம், சம்பளத்தாள் ஒருத்தரும் கேட்கிறதில்லை. பிள்ளை பிறந்தால் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கே வந்து நிறை பார்த்து, பிள்ளையின் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போவா. இதய சத்திரசிகிச்சைக்குக் கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே ஆஸ்பத்திரி. காசு இல்லை, காத்திருப்புப் பட்டியல்தான் நீளம். அதால் கடன்பட்டுத் தனியாரிடம் போகிற ஆக்களும் உண்டு.

2017-இல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாருக்கும் ‘சுரக்ஷா’ என்று காப்புறுதி கொண்டுவந்தவை. பொருளாதார நெருக்கடியோடு அது நின்றது, பிறகு 2024-இல் திரும்பவும் தொடங்கினது. நின்ற காலத்தில் நோய் வந்த பிள்ளைகளுக்கு அது பிரயோசனப்படவில்லை. மேலூர்க்காரன் அண்ணா சொல்கிற மாதிரி ஆஸ்பத்திரிதான் அடிப்படை. ஆனால் வரிசை நீளமாக இருக்கும்வரை காப்புறுதியும் வேண்டும் என்பதுதான் என்ர எண்ணம்.

மேலூர்க்காரன்

சரி, வயது வரம்பு வைத்து எல்லாக் குழந்தைகளையும் சேர்க்கலாம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். வார்டு அக்காவின் கருவி விஷயமும் தேன்மொழி அக்காவின் ஸ்ட்ரிப்பும் என்னை யோசிக்க வைத்துவிட்டன. ஆனால் தனியார் விஷயத்தில் நான் மாறவில்லை. வெளிநோயாளி மருந்தைக் காப்பீட்டு நிறுவனம் வழியாகக் கொடுத்தால் ஒவ்வொரு ஸ்ட்ரிப்புக்கும் ஒரு கிளெய்ம், ஒரு கமிஷன், ஒரு கேள்வி. மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கட்டும். இருபது ரூபாய் ஸ்ட்ரிப் அப்படி வாங்கினால் எவ்வளவு இறங்கும் என்று பாருங்கள்.

விலையை உடைக்காமல் காப்பீட்டை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது தீர்வில்லை. முதுகுத் தண்டு தசைச் சிதைவு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை போடும் மரபணு ஊசி 16 கோடி ரூபாய். பெற்றோர் இணையத்தில் கையேந்துகிறார்கள். அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-இல் வந்தது, உதவித் தொகை 50 லட்சம் வரை ஏறியது. பதினாறு கோடிக்கு ஐம்பது லட்சம் எந்த மூலைக்கு? அதே நோய்க்கு வாயில் கொடுக்கும் ரிஸ்டிப்ளாம் மருந்து ஒரு பாட்டில் 6 லட்சத்துக்கு மேல் விற்றது. 2025-இல் தில்லி உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் நாட்கோ நிறுவனம் அதையே 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. எந்தக் காப்பீட்டுத் திட்டமும் செய்யாததை ஒரு காப்புரிமை வழக்கு செய்தது. கோரிக்கை எழுதும்போது இந்த மருந்தை மாநிலமே மொத்தமாக வாங்க வேண்டும் என்றும் எழுதுங்கள்.

அப்புறம் ஒரு ஓட்டை யார் கண்ணிலும் படவில்லை. ஆர்பிஎஸ்கே என்ற குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் 2013-லிருந்து நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறை, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிக்கு ஒரு முறை போய்ப் பிள்ளைகளைப் பார்க்கிறது. பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் என்று முப்பது வகை. நல்ல திட்டம். ஆனால் உங்கள் ஓவர்லாக் குடும்பம் வயிற்றைக் கட்டிப் பிள்ளையை நர்சரி பள்ளியில் போட்டிருக்கும். அங்கே அந்தக் குழு போகாது. வருமானத்தால் காப்பீடும் போச்சு, பள்ளியால் பரிசோதனையும் போச்சு. நோய் இருப்பதே தெரியாத குழந்தைக்கு எந்த அட்டை கொடுத்து என்ன?

நொய்யல்

மேலூர் அண்ணா, நர்சரி பள்ளி விஷயம் முக்கியமானது. எனக்குத் தெரிந்த அந்தக் குழந்தைக்கும் இப்படித்தான் ஆனது. மூன்று வயது வரை மூச்சு வாங்குவதை ‘சளி’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மனு எழுதத் தொடங்கிவிட்டேன். முதல் பத்தியில் 18 வயது வரை வருமானச் சான்று இல்லாமல், பிறப்புச் சான்று மட்டும் வைத்துச் சேர்க்க வேண்டும், ஒருமுறை சேர்த்தால் மறுபடி சரிபார்க்கக் கூடாது என்று இருக்கிறது. பிறப்பைப் பதியும் இடத்திலேயே காப்பீட்டு எண்ணும் கொடுத்துவிட்டால் கலெக்டர் ஆபீசுக்கு அலைய வேண்டாம். அடுத்து, நீண்ட நாள் நோயுள்ள பிள்ளைகளின் வெளிநோயாளிச் செலவு. இதை மேலூர் அண்ணா சொன்னபடி கழகம் வழியாகக் கொடுப்பதா, தேன்மொழி அக்கா கேட்டபடி திட்டத்திலேயே சேர்ப்பதா என்று இரண்டையும் எழுதியிருக்கிறேன். முடிவை அரசு எடுக்கட்டும், தட்டிக்கழிக்காமல் எடுத்தால் போதும். காக்ளியர் உதிரிப் பாகங்கள் தனியாக. பரிசோதனைக் குழு தனியார் நர்சரிப் பள்ளிகளுக்கும் போக வேண்டும் என்பதைக் கடைசியில் சேர்க்கிறேன்.

தனியார் மருத்துவமனைகளைக் குழந்தைகளுக்கு முழுதாக மூட வேண்டும் என்று மட்டும் எழுத மாட்டேன் அண்ணா. அரசு மருத்துவமனையில் வரிசை ஆறு மாதம் என்றால் ஒரு வயதுக் குழந்தையால் அதுவரை காத்திருக்க முடியாது. குறிப்பிட்ட நாளுக்குள் அரசு மருத்துவமனையில் தேதி கிடைக்காவிட்டால் தனியாருக்குப் போகலாம் என்று வைத்தால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

மேலூர்க்காரன்

நாள் கணக்கை மனுவிலேயே எழுதினால் ஒப்புக்கொள்கிறேன். ‘தாமதமானால்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். இதயத்துக்கு எத்தனை நாள், காதுக்கு எத்தனை நாள் என்று குழந்தை மருத்துவர் ஒருவரைக் கேட்டு எழுதுங்கள்.

புதியவர்_அரூர்

வணக்கம், இழைக்குப் புதிது. இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் தங்கை மகனுக்கு 14 மாதம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்கிறான். கதவைச் சாத்தினால் மட்டும் சில நேரம் பார்க்கிறான். ஆண் குழந்தை தாமதமாகத்தான் பேசும் என்று வீட்டில் சொல்கிறார்கள். காப்பீட்டு அட்டை எடுத்த பிறகு காட்டலாமா?

வார்டு_அக்கா

அட்டைக்குக் காத்திருக்க வேண்டாம் தம்பி. பரிசோதனைக்கு அட்டையே தேவையில்லை.

தர்மபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். டி.இ.ஐ.சி. என்று கேளுங்கள், பிறவிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கிற மையம். முதலில் காதில் சின்னக் குழாய் வைத்து ஓஏஇ டெஸ்ட் எடுப்பார்கள், சில நிமிடம்தான். அதில் சந்தேகம் வந்தால், சத்தம் காதிலிருந்து மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட். அதற்குக் குழந்தை தூங்க வேண்டும், தூங்க மருந்து தருவார்கள். ஆகவே அன்று காலையில் அதிகம் தூங்க விடாமல் கூட்டிப் போங்கள். பால் எப்போது கொடுக்கலாம் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். கதவுச் சத்தத்துக்குத் திரும்புகிறான் என்பதை வைத்துக் காது நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டாம். அதிர்வுக்கும் திரும்புவார்கள்.

குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் காதைச் சோதித்து, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் கருவி போட வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பதினாலு மாதம் ஆகிவிட்டதால் இந்த வாரமே போங்கள். கருவி பொருத்த வேண்டி வந்தால் ஆறு வயது வரை திட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் இரண்டு வயதில் வைத்த பிள்ளைக்கும் ஐந்தில் வைத்த பிள்ளைக்கும் பேச்சில் நிறைய வித்தியாசம் தெரியும். தங்கையின் ரேஷன் கார்டில் அவள் பெயர் இருக்கிறதா, பிறந்த வீட்டுக் கார்டிலா புகுந்த வீட்டுக் கார்டிலா என்று மட்டும் இன்றைக்கே பார்த்து வைத்து எனக்குத் தனிமடலில் எழுதுங்கள். மற்றதை நான் சொல்கிறேன்.